பல்லும் சொல்லும்

ராசிபுரம் என்றதும் சிலருக்கு நெய் ஞாபகம் வரும். சிலருக்குப் பட்டுக்கூடு ஞாபகம் வரும். நாவல் படிக்கிறவர்களுக்கு ஆர். கே. நாராயண் ஞாபகம் வரவேண்டும். அவர் பெயரின் முதல் எழுத்துக்குள் ஒளிந்திருப்பது இந்த ஊர்தான். அவர் பிறந்தது சென்னையில். வாழ்ந்ததும் எழுதியதும் பெரும்பாலும் மைசூரில். ஆனாலும் முன்னோர் ஊரைப் பெயருக்கு முன்னால் நிறுத்திக்கொண்டே உலகமெல்லாம் சுற்றி வந்தார். 1935-இல் வெளியான அவருடைய முதல் நாவலில் சுவாமிநாதனும் அவன் சகாக்களும் கிரிக்கெட் சங்கம் ஒன்று ஆரம்பிக்கிறார்கள். மட்டை வேண்டும், பந்து வேண்டும், ஸ்டம்பு வேண்டும் என்று சென்னைக் கடை ஒன்றுக்குக் கடிதமும் எழுதுகிறார்கள். பல்லுக்கு ஏதாவது காப்பு வேண்டும் என்று அந்தப் பையன்களுக்குத் தோன்றவில்லை. அதில் ஆச்சரியம் இல்லை. தொண்ணூறு வருஷம் கழிந்தும் பெரியவர்களுக்கே தோன்றுவதில்லை என்பதுதான் ஆச்சரியம்.

ராசிபுரத்தில் என் தங்கை இருக்கிறாள். அவளுடைய பேத்தி பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறாள், கபடி ஆடுகிறாள். எங்கள் காலத்தில் அதைச் சடுகுடு என்போம். ஆற்று மணலிலும் அறுவடை முடிந்த வயலிலும் ஆடுவோம். பெண்கள் வேடிக்கை பார்ப்பார்கள், அதுவும் தூரத்திலிருந்து. இன்றைக்கு நிலைமை வேறு. 1990-இல் பீஜிங்கில் ஆண்கள் கபடி ஆசிய விளையாட்டில் சேர்ந்தது. 2010-இல் குவாங்சோவில் பெண்கள் கபடியும் சேர்ந்து, அந்த முதல் தங்கமே இந்தியாவுக்கு வந்தது. 2025-இல் பஹ்ரைனில் இளையோர் ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற பெண்கள் அணியில் சென்னைக் கண்ணகி நகர்க் கார்த்திகா ஆடினாள். அந்தப் பெண்ணின் படம் செல்போனில் வந்த அன்று தங்கை வீட்டில் அடுப்பே எரியவில்லை என்றும், பேத்தி அதைக் காட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனாள் என்றும் கேள்வி.

நான் சொல்ல வந்தது பேத்தியைப் பற்றி அல்ல, அவளுடைய தோழியைப் பற்றி. இருவரும் ஒரே அணி. பேத்தி இடது கோடி, தோழி வலது கோடி. கோடியில் நிற்கிறவர்களுக்குக் கணுக்கால் பிடிதான் பிழைப்பு. எதிரி பாடிக்கொண்டு உள்ளே வந்து, காலை எட்டி வைத்துத் திரும்புகிற அந்த அரை நொடியில் தரையோடு தரையாகப் பாய்ந்து கணுக்காலைக் கவ்விக்கொள்ள வேண்டும். பார்ப்பதற்கு அழகான பிடி. ஆனால் பாய்கிறவளுடைய முகம் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். எதிரியின் குதிகாலுக்கு நேராக இருக்கிறது. பிடிபட்டவள் சும்மா நிற்பாளா? உதறுவாள். அது அவள் உரிமை, ஆட்டத்தின் விதி.

ஒரு கிராமத்தில் பொங்கலையொட்டி இரவு ஆட்டம். குழல் விளக்கு, ஒலிபெருக்கி, ஆரவாரம். தோழி பாய்ந்தாள், பிடித்தாள், குதிகால் வாயில் இறங்கியது. பிடியை விடவில்லையாம். புள்ளி கிடைத்தது. முன்பல் ஒன்று வேரோடு தரையில் கிடந்தது.

அதற்கப்புறம் நடந்ததைப் பேத்தி சொல்லக் கேட்டபோது எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. யாரோ ஒரு நல்ல மனசுக்காரர் பல்லைத் தேடி எடுத்தார். மண் ஒட்டியிருந்ததால் குழாயடியில் சோப்புப் போட்டுத் தேய்தேய் என்று தேய்த்தார். வேரில் சதை மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அதையும் நகத்தால் சுரண்டினார். பிறகு ஒரு காகிதத்தில் மடித்துப் பெண்ணின் அப்பாவிடம் கொடுத்தார். அவர் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் பத்து மணிக்கு டாக்டரிடம் போனார்கள். அவர் காகிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு மறுபடியும் மடித்துவிட்டார்.

வேரைச் சுற்றி ஒட்டிக்கொண்டிருந்த சதைதான் உயிர். பல்லை எலும்போடு கட்டி வைக்கிற நார் அது. அந்த நாரிலுள்ள உயிரணுக்கள் பிழைத்திருந்தால், விழுந்த பல்லைத் திரும்ப அதே குழியில் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். இது மாயமல்ல, பல் வைத்தியர்கள் தினம் செய்கிற காரியம். பல்லை மேல்பக்கத்தில், அதாவது வெளியே தெரிகிற வெள்ளைப் பக்கத்தில் மட்டும் பிடிக்க வேண்டும். வேரைத் தொடக் கூடாது, தேய்க்கக் கூடாது. அழுக்கிருந்தால் பாலிலோ தண்ணீரிலோ ஒரே ஓர் அலசு. நினைவு தெளிவாக இருக்கிற ஆளானால் உடனே குழியில் பொருத்தி ஒரு கைக்குட்டையைக் கடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். அதற்குத் தைரியம் இல்லாவிட்டால் ஒரு டம்ளர் பாலில் போட்டு எடுத்துக்கொண்டு ஓட வேண்டும். முதல் 15 நிமிஷம் தங்கம். காற்றில் காய்ந்தபடியே ஒரு மணி நேரம் போய்விட்டால் அந்த உயிரணுக்கள் செத்துவிடும். இத்தனையும் நிலைத்த பல்லுக்குத்தான். சிறு குழந்தையின் பால்பல் விழுந்தால் திரும்ப வைக்கக் கூடாது. உள்ளே முளைத்துக்கொண்டிருக்கும் பல்லுக்குக் கெடுதல். அதைப் பழைய வழக்கப்படி கூரைமேல் எறிந்துவிடலாம், தடையில்லை. ஆனாலும் குழந்தையை டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும்.

பாலுக்குப் பதிலாக இளநீர் ஆகுமா என்று சென்னையிலேயே ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் சோதித்து 2008-இல் எழுதினார்கள். நல்ல பலன் என்றார்கள். பிறகு வந்த சில சோதனைகள் இளநீரில் புளிப்புத் தன்மை இருப்பதைக் காட்டிப் பாலே மேல் என்றன. பல் காயங்களுக்கான சர்வதேசச் சங்கம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் பாலுக்குத்தான் முதல் மரியாதை. எனக்கு ஆறாத குறை இதுதான்: நெய்க்குப் பேர்போன சீமையில், மாடு கட்டாத வீடு குறைவான ஒரு கிராமத்தில், முன்னூறு பேர் கூடியிருந்த இடத்தில், ஒரு டம்ளர் பாலுக்காக ஒரு பல் போயிற்று.

பல் போனதோடு நின்றிருந்தால் நான் இதை எழுதப் போவதில்லை. இதே அடி ஒரு பையனுக்குப் பட்டிருந்தால் ஓட்டைப் பல்லைக் காட்டிக் கதை சொல்லிக்கொண்டு திரிவான். அதற்கு வீரம் என்று பெயர் வைப்போம். 2002-இல் ஆண்டிகுவாவில் தாடை உடைந்த அனில் கும்ப்ளே தலையைச் சுற்றிக் கட்டுப் போட்டுக்கொண்டு பந்து வீசி லாராவை வெளியேற்றினார். இன்றைக்கும் அதைச் சொல்லிப் புல்லரிக்கிறோம். 2022 டிசம்பரில் இலங்கையில் லங்கா பிரீமியர் லீக் ஆட்டமொன்றில் சமிக்க கருணாரத்ன உயரக் கிளம்பிய பந்தைப் பிடிக்க ஓடினார். பந்து வாயில் விழுந்தது. 4 பற்கள் போயின. கேட்சை மட்டும் விடவில்லை. அதையும் கொண்டாடினார்கள். இந்தப் பெண்ணும் பிடியை விடவில்லை. ஆனால் வீட்டில் வேறு பேச்சு நடந்தது.

"பொட்டப்புள்ளைக்கு மூஞ்சி போச்சுன்னா அப்புறம் என்னங்க இருக்குது?" என்று அவள் அப்பா என் தங்கையிடம் கேட்டாராம். கெட்டவர் அல்ல. தறி ஓட்டிப் பிழைக்கிறவர். மகளை மைதானத்துக்கு இத்தனை நாள் சைக்கிளில் வைத்துக் கூட்டிப் போனவரும் அவரேதான். இப்போது பயந்துவிட்டார். கபடிக்கு முழுக்குப் போட்டாயிற்று.

நான் போயிருந்தபோது அந்தப் பெண் தங்கை வீட்டுக்கு வந்தாள். உதட்டைக் கையால் மூடியபடி "வாங்க தாத்தா" என்றாள். தாத்தா என்ற சொல்லில் இரண்டு இடத்திலும் காற்று புறப்பட்டு வந்தது. அவளே அதைக் கேட்டுவிட்டு வெட்கப்பட்டுப் பின்கட்டுக்குப் போய்விட்டாள்.

பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். எந்தச் சொல் என்று பழமொழி சொல்லவில்லை. எனக்கு இலக்கணப் பைத்தியம் கொஞ்சம் உண்டு. அன்று ராத்திரி தூக்கம் வராமல் இதையே உருட்டிக்கொண்டிருந்தேன். எழுத்துக்கள் வாயில் எங்கெங்கே பிறக்கின்றன என்று தொல்காப்பியர் கணக்கெடுத்திருக்கிறார். தகரத்துக்கு நாக்கின் நுனி பரந்து மேற்பல்லின் அடியைத் தொட வேண்டும். ஆகவே பல் போனவள் தாத்தாவைக் கூப்பிட முடியாது. ககரம் நாக்கின் அடியில் பிறக்கிறது. பகரத்துக்கு இரண்டு உதடும் சேர்ந்தால் போதும். டகரத்துக்கு நாக்கு நுனி அண்ணத்தைத் தொட வேண்டும். க, ப, டி. ஒன்றுகூடப் பல்லைத் தொடவில்லை! சடுகுடுவையும் சொல்லிப் பார்த்தேன். அதிலும் பல்லுக்கு வேலையில்லை. பொக்கை வாய்க் கிழவி கூடக் குறைவில்லாமல் கபடி பாடலாம். இந்த ஆட்டத்துக்குச் சொல் பொறுக்கிய மகானுபாவர் யாரோ, எதிர்காலத்தை நினைத்துத்தான் பொறுக்கியிருக்க வேண்டும்.

வேடிக்கை போகட்டும். இந்தக் கணக்கு ஒரு காரியத்துக்கு உதவியது, பின்னால் சொல்கிறேன்.

வாய்க்குள் கவசம் போட்டுக்கொள்கிற யோசனை குத்துச்சண்டைக்காரர்களுடையது. முதலில் பஞ்சையும் கடற்பஞ்சையும் மரத்துண்டையும் பல்லிடுக்கில் கடித்துக்கொண்டு சண்டை போட்டார்கள். 1890-ஐ ஒட்டி லண்டனில் வுல்ஃப் கிராஸ் என்ற பல் வைத்தியர் மேல்முன்பற்களின்மேல் கட்டாபெர்ச்சா என்ற மரப்பிசினைப் பட்டையாக ஒட்டி அனுப்பினார். அடி வாங்கினால் உதடு பல்லில் பட்டுக் கிழியாமல் இருப்பதற்காக. மலாயாக் காடுகளிலிருந்து வந்த பிசின் அது. வேர்ச்சிகிச்சையில் பல்லின் உள்குழியை அடைக்க இன்றும் அதைத்தான் வைக்கிறார்கள். அவருடைய மகன் பிலிப் கிராஸ் தானே குத்துச்சண்டை பழகியவர். கழற்றி மாட்டக்கூடிய ரப்பர்க் கவசமாக அதை மாற்றினார். டெட் கிட் லூயிஸ் என்ற பெரிய வீரர் அதை அணிந்துகொண்டு மேடை ஏறினார். உடனே தகராறு. 1921-இல் நியூயார்க்கில் எதிராளியின் மானேஜர், இது சட்டத்தில் இல்லாத சாமான் என்று ஆட்சேபித்துக் கழற்ற வைத்துவிட்டார். பல்லைக் காப்பாற்றிக்கொள்வது கோழைத்தனம், மோசடி என்றே நினைத்தார்கள். 1927-இல் மைக் மக்டீக் என்பவர் ஜெயிக்கப் போகிற தறுவாயில், உடைந்த பல்லொன்று அவருடைய உதட்டையே கிழித்து, ரத்தம் நிற்காமல் ஆட்டத்தை இழந்தார். அதற்குப் பிறகுதான் புத்தி வந்தது. 1962-இல் அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் அந்த ஊர் ஃபுட்பால் ஆடுகிற பையன்களுக்கு வாய்க்கவசம் கட்டாயமாயிற்று.

நம் பேத்திக்கு ஒன்று செய்து கொடுத்துவிடுவது என்று தீர்மானித்தேன். விளையாட்டுச் சாமான் கடையில் கேட்டதற்கு ஒரு பொட்டலத்தை எடுத்துப் போட்டார். கொதிக்கிற தண்ணீரில் போட்டு, இளகினதும் வாயில் வைத்துக் கடித்துக்கொள்ள வேண்டும். பல்லின் அச்சு விழும். ஒன்றும் இல்லாததற்கு அது மேல் என்பதை மறுக்கவில்லை. இன்னொன்று, அச்சே விழாமல் எல்லோருக்கும் ஒரே அளவாக வருவது. அதைக் கடித்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும், வாயைத் திறந்தால் கீழே விழுந்துவிடும். குத்துச்சண்டைக்காரன் பேச வேண்டியதில்லை. ஹாக்கிக்காரனும் அவசியத்துக்குத்தான் கத்துவான். கபடி ஆடுகிறவள் கதை வேறு. எதிர்க்களத்தில் கால் வைத்த விநாடியிலிருந்து திரும்பி வருகிறவரை, ஒரே மூச்சில், நடுவர் காதில் விழும்படி கபடி கபடி என்று பாட வேண்டும். பாட்டு அறுந்தால் அவள் அவுட். வாயில் எதையோ கவ்விக்கொண்டு பாட முடியுமா? பிடிக்கும்போது மாட்டி, பாடும்போது கழற்றலாம் என்றால், 30 விநாடிக்கு ஒருமுறை ஆட்டம் கை மாறுகிறது. கழற்றி வைக்க மேஜையா போட்டிருக்கிறார்கள்?

அதனால் பல் டாக்டரிடமே போனோம். சின்ன வயசுக்காரர், கல்லூரியில் கபடி ஆடியவராம். அதனால் பாதி விளக்கம் மிச்சமாயிற்று. ஒரு தகட்டில் இளஞ்சிவப்பாக எதையோ குழைத்துப் பேத்தியின் மேல்வரிசையில் அமுக்கினார். அல்ஜினேட் என்றார். மன்னார் வளைகுடாவில் விளையும் சர்காசம் மாதிரியான பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கிற பண்டம். இரண்டு மூன்று நிமிஷத்தில் ரப்பராக இறுகிக் கழன்று வந்தது. அந்த அச்சில் கல்மாவு ஊற்றி அவள் பல்வரிசையின் பிரதியை எடுத்தார். பிறகு 4 மில்லிமீட்டர் கனமுள்ள ஒரு பிளாஸ்டிக் தகடு. எத்திலீன் வினைல் அசிட்டேட் என்று நீளமான பெயர். பயந்துவிடாதீர்கள், இலேசான ரப்பர்ச் செருப்பின் அடிப்பாகத்துக்கும் இதே வகைதான். தகட்டைச் சூடேற்றித் தொய்ந்து வரும்போது கல்லச்சின்மேல் இறக்கி, அடியிலிருந்து காற்றை உறிஞ்சினால், ஈரத்துணி மாதிரி ஒவ்வொரு பல்லிலும் ஒட்டிப் படிந்துவிடுகிறது. ஆறினதும் கத்தரித்து ஓரத்தை மழமழப்பாக்க வேண்டும். முன்பக்கம் கனம், அங்கேதான் அடி விழும். உள்பக்கம் மெலிசு. மேலுதட்டை ஈறோடு இணைக்கிற நரம்பு மாதிரியான மடிப்புக்கு இடம் விட்டு வெட்டாவிட்டால் அரை மணியில் புண்ணாகிவிடும்.

இரண்டாம் நாள் மாட்டிப் பார்க்கப் போனோம். "பாடு, பார்க்கலாம்" என்றேன். பேத்தி நாற்காலியில் உட்கார்ந்தபடியே மூச்சை இழுத்துக்கொண்டு ஆரம்பித்தாள். "கபடி" என்பதற்குப் பதிலாகக் "கபதி கபதி" என்று வந்தது. வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் தொல்காப்பியம் அங்கேதான் உதவியது. ககரமும் பகரமும் சரியாக இருக்கின்றன, உதடு மூடுவதற்கு இடைஞ்சல் இல்லை, டகரம்தான் தகரமாகிறது, ஆகையால் நாக்கு அண்ணத்துக்கு ஏறுகிற வழியில் உள்ஓரம் இடிக்கிறது என்றேன். டாக்டர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு கழற்றி உள்ஓரத்தில் ஒரு நூல் அளவு சீவிவிட்டு மறுபடி மாட்டினார். கணீரென்று கபடி வந்தது. நிறுத்தாமல் பாடிக்கொண்டே போனாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்து 34 விநாடி என்றார்.

கேட்ட தொகை, அவள் காலில் போட்டிருந்த விளையாட்டுச் செருப்பின் விலைக்குள் அடங்கியது. வெந்நீரில் கழுவக் கூடாது, வளைந்துபோகும். பச்சைத் தண்ணீரில் கழுவிக் காற்றுத் துளையுள்ள டப்பாவில் வைக்க வேண்டும். வெயிலில் வைக்கக் கூடாது. பல் முளைத்துக்கொண்டிருக்கிற சின்னப் பிள்ளைகளுக்கு அளவு மாற மாறப் புதிதாகச் செய்ய வேண்டும். பல்லுக்குக் கம்பி போட்டவர்களுக்குத் தனி விதமாகச் செய்ய வேண்டும். மேற்பல் முன்துருத்தியிருக்கிறவர்களுக்குத்தான் அடி படுகிற வாய்ப்பு அதிகம். அவர்கள் தவறாமல் போட்டுக்கொள்ள வேண்டும். மூளையில் அடி படாமலும் தடுக்கும் என்று சிலர் விளம்பரம் செய்கிறார்கள். அவ்வளவு தூரம் நம்பவேண்டாம் என்றார் டாக்டர். பல்லையும் உதட்டையும் காப்பாற்றினால் எனக்குப் போதும்.

பல் போன பெண்ணைப் பற்றியும் கேட்டேன். எலும்பு வளர்ந்து முடிகிறவரை திருகுபோட்டு நிரந்தரப் பல் வைக்க முடியாதாம். அதுவரை கழற்றி மாட்டுகிற பல் ஒன்று கட்டிக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்துக்கும் கல்யாணம் கார்த்திகைக்கும் அது போதும். தாத்தாவையும் ஒழுங்காகக் கூப்பிடலாம். ஆடும்போது அதைக் கழற்றிவிட்டு, அந்த இடைவெளியையும் சேர்த்து நிரப்பினாற்போல் கவசம் செய்து போட்டுக்கொள்ளலாம். மிச்சமுள்ள பற்களுக்குப் பக்கத்துப் பல்லின் துணை இல்லாததால் அவளுக்குத்தான் அது முதலில் வேண்டும் என்றார்.

இதை அந்தப் பெண்ணின் அப்பாவிடம் சொல்ல ஒரு சாயங்காலம் தறிக்கூடத்துக்குப் போனேன். விசைத்தறிச் சத்தத்தில் ஒரு வார்த்தை காதில் விழாது. தறியை நிறுத்திவிட்டு வந்தார். பேத்தியின் கவசத்தை டப்பாவோடு கொண்டுபோயிருந்தேன், கொடுத்தேன். விரலால் அழுத்திப் பார்த்தார். வளைத்துப் பார்த்தார். நெசவுக்காரர் கை, கனத்தையும் ஓரத்தையும் தடவித் தடவிப் பார்த்தது. விலையைக் கேட்டார், சொன்னேன். தாவணி போட்ட வயசில் இதெல்லாம் என்ன ஆட்டம் என்று உள்ளேயிருந்து அவர் தாயார் ஏதோ சொன்னார். அவர் பதில் பேசவில்லை. கவசத்தைத் திரும்ப டப்பாவில் வைத்து மூடினார். மூடினவர் என்னிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

"அச்சு எடுக்கறப்போ புள்ளைக்கு வலிக்குங்களா?" என்று கேட்டார்.